குட்டி கடித்ததை ஏன் கடைசி வரியில் எழுதினீர்கள்?

கேள்வி:

வணக்கம் டொக்டர். எனக்கு 24 வயது. வெள்ளவத்தையில் அம்மா, அப்பா, அக்கா, அத்தானோடு மாடி வீடொன்றில் இருக்கிறேன். கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வேலை. அலுவலக நண்பர்களோடு பிலியந்தலைப் பக்கம் உள்ள ஒரு நாய்க் காப்பகத்துக்கு இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன். போய்வந்த இரவெல்லாம் அழுகைதான். ஆனாலும் ஒவ்வொரு கிழமையும் போக வேண்டும்போல் இருக்கிறது. அங்கே பொறுப்பாக இருக்கும் சிங்கள அக்கா எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரண்டாம் முறை பால் வாங்கிக்கொண்டு போய்க் குட்டிகளுக்கு வைத்தேன், எல்லார் முன்னாலும் ஏசிவிட்டா. மூன்றாம் முறை நாய்களோடு இருக்க விடாமல் கான் கழுவ விட்டா. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெட்டை நாய் ஆறு குட்டி போட்டிருக்கிறது. அவற்றை எடுக்கச் சொல்லிக் கேட்டதற்கும் முடியாது என்றுவிட்டா. காப்பகம் என்று பெயர் வைத்துக்கொண்டு எடுக்க மாட்டோம் என்றால் என்ன அர்த்தம்?

அம்மாவுக்கு நான் போவதில் துளியும் விருப்பமில்லை. அக்கா ஐந்து மாதக் கர்ப்பிணி, வீட்டுக்கு நோயைக் கொண்டுவந்து சேர்க்கப் போகிறாய் என்கிறா. திரும்பும் வழியில் கொஹுவளையில் சித்தி வீட்டில் இறங்குவேன். அவர்கள் இரண்டு மாதக் குட்டியொன்று வாங்கியிருக்கிறார்கள். அதோடு கொஞ்ச நேரம் விளையாடினால்தான் மனம் ஆறும். நான் தொடர்ந்து போகலாமா, இல்லை இது எனக்குச் சரிவராதா?

பி.கு: போன சனிக்கு முதல் சனி ஒரு கறுப்புக் குட்டி விரலில் மெல்லக் கடித்தது. சின்னக் கீறல்தான், இரத்தம் ஒரு சொட்டு. கழுவிவிட்டேன். அதனால் பிரச்சினை இல்லைதானே?

— வாசகி, கொழும்பு 6

பதில்:

பிள்ளை, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே பின்குறிப்புக்கு மட்டும் ஒரு வரி பதில் அனுப்பினேன்: இதை வாசித்த கையோடு களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதாகவும் முதல் ஊசி போட்டாயிற்று என்றும் மறுநாள் எழுதியிருந்தீர்கள். நல்லது. இனி ஆறுதலாகப் பேசலாம். ஆனால் அந்தப் பின்குறிப்பிலிருந்துதான் தொடங்குவேன், ஏனென்றால் இதை வாசிக்கிறவர்களில் உங்களைப்போல இன்னும் நாலு பேர் விரலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

முப்பது வருடமாக மிருக வைத்தியம் பார்க்கிறேன். சனம் தனக்குப் பயமான விஷயத்தை எப்போதும் கதவடியில் நின்றுதான் சொல்லும். நாய்க்கு மருந்து வாங்கி, காசும் கொடுத்து, செருப்பைக் கொழுவும்போது, “அது சரி டொக்டர், போன கிழமை இவன் என்னையும் ஒருக்கா கடிச்சவன்” என்பார்கள். உங்கள் பி.கு.வும் அந்தக் கதவடிக் கதைதான்.

குட்டிக்கு விசர் வராது என்று எங்கள் ஆட்களுக்கு எப்படியோ ஒரு நம்பிக்கை. வரும். ஒரு விசர் நாய் ஓடுகிற ஓட்டத்தில் குட்டிகள் படுத்திருந்த இடத்தில் புகுந்து வந்திருந்தால் போதும். குட்டியின் பல் தையல் ஊசிபோல இருக்கும். “மெல்லக் கடித்தது” என்று எழுதிய கையாலேயே “இரத்தம் ஒரு சொட்டு” என்றும் எழுதியிருக்கிறீர்கள். தோல் பிய்ந்து இரத்தம் வந்தால் வைத்தியர்கள் அதைச் சின்னக் கடி என்று விடமாட்டார்கள்.

இந்த வைரஸ் இரத்தத்தில் ஓடித் திரிவதில்லை. கடிபட்ட இடத்துத் தசையில் கொஞ்சம் தங்கி, நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையை நோக்கி ஏறும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் எடுக்கும். ஒரு கிழமையிலும் வரலாம், ஒரு வருடம் தாண்டியும் வரலாம். அது மெல்ல ஏறுகிறபடியால்தான் கடிபட்ட பிறகு ஊசி போட்டும் ஆளைக் காப்பாற்ற முடிகிறது. 1885இல் பாரிசில் லூயி பாஸ்டர் ஒன்பது வயது ஜோசப் மைஸ்டருக்கு முதல் ஊசி போட்டபோது பையன் கடிபட்டு இரண்டு நாளாகியிருந்தது. பையன் பிழைத்தான். ஆனால் மூளைக்குப் போய்ச் சேர்ந்து குணங்குறி தொடங்கிவிட்டால் பிறகு எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் காப்பாற்றுவதற்கு மருந்து இல்லை. இலங்கையில் இன்றைக்கும் ஆண்டுதோறும் ஆட்கள் இதனால் சாகிறார்கள், ஊசி அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிற நாட்டில். “ஒரு கிழமை பிந்திவிட்டதே, இனி எதற்கு” என்றும் யாரும் இருந்துவிடக் கூடாது. பிந்தினாலும் போய்க் காட்ட வேண்டும்.

கழுவினேன் என்கிறீர்கள். எப்படி? குழாயைத் திறந்துவிட்டு, சவர்க்காரம் போட்டு, 15 நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்து நின்று பாருங்கள், 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். வெறும் தண்ணீரில் விரலை நனைத்து எடுப்பதைக் கழுவியதாகக் கணக்கெடுக்க முடியாது. மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம்.

ஊசிகளை இடையில் விடாமல் போட்டு முடியுங்கள். அந்தக் கார்டைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். முழுதாகப் போட்டு முடித்தவருக்கு அடுத்த முறை கடிபட்டால் ஒன்றிரண்டு ஊசியோடு காரியம் முடியும், காயத்தைச் சுற்றிக் குத்துகிற அந்த நோகும் மருந்து தேவைப்படாது. காப்பகத்துக்குத் தொடர்ந்து போக நினைக்கிற மற்றவர்கள் கடிபடும்வரை காத்திருக்காமல் முற்கூட்டியே போட்டுக்கொள்ளலாம். 2018இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஒரு கிழமை இடைவெளியில் இரண்டு ஊசியாகச் சுருக்கியது; உங்களுக்கு எத்தனை என்பதை உங்கள் வைத்தியர் சொல்லட்டும்.

இன்னொன்று. மறுநாள் எழுதியதில்தான் இதையும் சொல்லியிருந்தீர்கள்: நீங்கள் கடிபட்டதைக் காப்பகத்து அக்காவிடம் சொல்லவில்லை, ஏசுவா என்ற பயத்தில். அதுதான் மூன்று முறையிலும் நீங்கள் விட்ட பெரிய பிழை, பாலைவிடப் பெரியது. கடித்த நாயை 10 முதல் 14 நாள் கட்டிவைத்துப் பார்ப்பது இந்த வைத்தியத்தின் பாதி. அது அந்த நாட்கள் முடிய நல்ல சுகமாகத் துள்ளிக்கொண்டு நின்றால், கடித்த நேரத்தில் அதன் உமிழ்நீரில் வைரஸ் இருந்திருக்காது, மிச்ச ஊசிகளை என்ன செய்வது என்று வைத்தியர் தீர்மானிக்கலாம். இடையில் செத்துப்போனால் புதைக்காமல், பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலையை அனுப்பிப் பரிசோதிக்க வேண்டும். இதற்கெல்லாம் முதலில் எந்தக் குட்டி என்று தெரிய வேண்டுமே? நீங்கள் எழுதியிருப்பது “ஒரு கறுப்புக் குட்டி”. அங்கே கறுப்பில் எத்தனை குட்டி நின்றது?

இன்றைக்கே ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கள். ஏசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அந்த அக்காவிடம் வருவோம். கான் கழுவ விட்டதைத் தண்டனை என்று எடுத்திருக்கிறீர்கள். எனக்கு அது உங்களை வேலைக்கு எடுத்ததுபோல் தெரிகிறது.

ஒரு காப்பகத்தின் கேற்றடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள். பிறந்தநாளுக்குச் சோற்றுப் பார்சலோடு ஒரு குடும்பம் வரும். பிள்ளைகள் குட்டியைத் தூக்கிப் படம் எடுக்கும். ஒரு மணித்தியாலத்தில் போய்விடும். அடுத்து ஒரு கல்லூரிக் கூட்டம், ஒரே நிற ரீசேர்ட்டோடு. எல்லாரும் நல்ல சனம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு எறும்பு மொய்க்கிற மிச்சச் சோற்றை வழிப்பதும், கூட்டத்தைக் கண்டு வெருண்டுபோன நாய்களை அடக்குவதும் அதே இரண்டு மூன்று பேர். அந்த அக்கா வருகிறவர்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்காததற்கு அதுதான் காரணம். பெயரைக் கேட்டு என்ன செய்வது, திரும்பி வரப்போவதில்லையே என்ற அலுப்பு. நீங்கள் மூன்றாம் முறையும் போனீர்கள். அப்போது உங்கள் கையில் தும்புத்தடியைத் தந்தா.

நான் மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கிற காப்பகம் ஒன்று இருக்கிறது. அங்கே ஓய்வுபெற்ற ஒரு ஐயா செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவார். நாய்களைத் தடவிக் கொஞ்சுகிற ஆள் இல்லை. சட்டி கழுவுவார், அவ்வளவுதான். ஒரு செவ்வாய் காலை நான் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கும்போது, கையில் இரண்டு சட்டியோடு வந்து நின்றார். “டொக்டர், மூண்டாம் கூட்டில இருக்கிற புது வெள்ளைச்சி, சோத்துச் சட்டி நேத்தும் நிறைய, இண்டைக்கும் நிறைய. தண்ணிச் சட்டி ரெண்டு நாளும் துடைச்சமாதிரி காலி” என்றார். போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கருத்தடை செய்யாமல் தெருவிலிருந்து வந்த வயதான பெட்டை. சாப்பாடு வேண்டாம், ஆனால் தண்ணீர் குடங்குடமாகக் குடிக்கிறது என்றால் மிருக வைத்தியருக்கு முதலில் வருகிற சந்தேகம் கருப்பையில் சீழ். அன்று பின்னேரமே சத்திரசிகிச்சை செய்து எடுத்தோம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் உள்ளே வெடித்து முடிந்திருக்கும். நாயை ஒருநாளும் மடியில் வைத்துக் கொஞ்சாத ஒரு மனிதர் சட்டியைப் பார்த்தே அதைக் காப்பாற்றினார்.

அது ஏன் முடிந்தது? முதல் நாள் திங்கட்கிழமை சட்டி கழுவிய பெண்ணிடம் அவர் விசாரித்திருக்கிறார். அந்தப் பெண்ணும் திங்கள் தவறாமல் வருகிறவள். தினம் ஒரு புது ஆள் வந்து கழுவிவிட்டுப் போனால் நேற்றைய சட்டி யாருக்கு ஞாபகம்? காப்பகத்தில் ஐம்பது நாய் ஒரே நேரம் குரைக்கும்போது, நோயான நாய் மட்டும் சத்தம் போடாது. மூலையில் சுருண்டு கிடக்கும். அதைக் கண்டுபிடிக்க, நேற்று அது எங்கே நின்றது என்று தெரிந்த கண் வேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு கிழமையும் போக வேண்டும்போல் இருக்கிறது என்கிறீர்களே, அதில் ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு இரண்டு சனிதான் முடியும் என்றால் அந்த இரண்டைச் சொல்லுங்கள், நாலு என்று சொல்லி இரண்டில் நிற்காதீர்கள். அலுவலக நண்பர்கள் வராவிட்டாலும் போங்கள். உங்கள் கணக்கு வேலையும் அங்கே உதவும். இந்தக் காப்பகங்களில் எந்த நாய்க்கு எப்போது எந்த ஊசி போட்டது என்பது அந்த அக்காவின் தலைக்குள்தான் இருக்கும், இல்லாவிட்டால் ஈரத்தில் ஊறிய ஒரு கொப்பியில். ஆறு மாதம் கழித்து, அவவுக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்த பிறகு, “அக்கே, இதை நான் ஒழுங்காக எழுதித் தரட்டுமா” என்று கேளுங்கள். முதல் மாதமே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டாம்.

பாலுக்கு ஏசியதைப் பற்றி. “நங்கி, கிரி தென்ன எப்பா” என்று கத்தியிருப்பா, தங்கச்சி பால் கொடுக்காதே என்று. பசுப்பாலில் உள்ள இனிப்பு பல குட்டிகளுக்குச் செமிக்காது, அடுத்த நாள் வயிற்றால் போகும். வீட்டு நாய் என்றால் ஒருநாள் போய் நின்றுவிடும். காப்பகத்தில் எட்டுக் குட்டிக்கு ஒரே இரவில் வயிற்றோட்டம் என்றால், அது உங்கள் பாலா, பார்வோவா என்று அவவுக்கு எப்படித் தெரியும்? தெரியும்வரை எட்டையும் பிரித்து வைக்க வேண்டும், பரிசோதனைக்குக் காசு தேட வேண்டும், இரவு நித்திரை கொள்ளாமல் பார்க்க வேண்டும். அந்த நித்திரையைத்தான் உங்கள் மேல் கொட்டியிருக்கிறா.

பார்வோ என்று சொல்லிவிட்டேன், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்த இரண்டாவது விஷயம் கொஹுவளை.

பார்வோ நாய்களில் 1978இல்தான் முதலில் கண்டறியப்பட்ட வைரஸ். குட்டிகளின் குடலை அரிக்கும். வாந்தி, இரத்தமாக வயிற்றோட்டம். அதற்கென்று ஒரு மணம் உண்டு. ஒருமுறை முகர்ந்தவர் கதவைத் திறக்கும்போதே சொல்லிவிடுவார். நோயான நாயின் மலத்திலிருந்து மண்ணுக்குப் போய், மாதக்கணக்கில், நிழலான ஈர இடமென்றால் ஒரு வருடம்கூட, உயிரோடு கிடக்கும். கைக்குப் பூசுகிற சனிடைசர் அதை ஒன்றும் செய்யாது. சாதாரணத் தரை கழுவும் மருந்துகள் பலவற்றுக்கும் அசையாது. தண்ணீர் கலந்த பிளீச்சுக்குத்தான் சாகும், ஒன்றுக்கு முப்பது பங்கு தண்ணீர். அதுவும் முதலில் அழுக்கைத் தேய்த்துக் கழுவி எடுத்துவிட்டு, பிறகு ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால். கான் கழுவுவது என்று நீங்கள் முகம் சுளித்த வேலை இதுதான்.

இது எனக்கு எப்படி நன்றாகத் தெரியும் என்றால், நானே ஒரு குட்டியைக் கொன்றிருக்கிறேன். பேராதனையில் படித்து முடித்து வந்து இரண்டாவது வருடம். காலையில் ஒரு காப்பகத்தில் குட்டிகளைப் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். கை கழுவினேன், சேர்ட்டைக்கூட மாற்றினேன். சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்தேன். நல்ல பழக்கம்தானே? மருமகன் அப்போதுதான் ஒரு குட்டி வாங்கியிருந்தான். ஒன்பது கிழமைக் குட்டி, ஒரு ஊசிதான் போட்டிருந்தது. நாங்கள் சோறு சாப்பிடும்போது அது வாசலில் என் சப்பாத்து நாடாவைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் பார்த்துச் சிரித்தோம். ஐந்தாம் நாள் வாந்தி. ஏழாம் நாள், சேலைன் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே முடிந்தது. மருமகனுக்கு நான் அதைச் சொல்ல எத்தனையோ வருடம் எடுத்தது.

உங்கள் சித்தி வீட்டுக் குட்டிக்கு இரண்டு மாதம். ஊசிகள் ஆறு எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நாலு கிழமைக்கு ஒன்றாக, பதினாறு கிழமை வரை போக வேண்டும். அதற்கு முன் தாய்ப்பாலில் வந்த பாதுகாப்புக் குறைந்து, ஊசியின் பாதுகாப்பு இன்னும் சரியாக ஏறாத ஒரு இடைவெளி வரும். அந்த இடைவெளியில்தான் நீங்கள் பிலியந்தலையிலிருந்து 120ஆம் இலக்க பஸ்ஸில் நேரே போய் இறங்குகிறீர்கள். அந்தக் குட்டியின் ஊசிகள் முடியும்வரை காப்பகம் போன நாளில் அங்கே போகாதீர்கள். மனம் ஆற வேறு வழி தேடுங்கள். வெள்ளவத்தைக் கடற்கரையில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் நின்றுவிட்டு வாருங்கள்.

சரி, ஒழுங்கையில் கிடக்கிற ஆறு குட்டி. இதில் உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் ஆளை மாறிப் பிடித்திருக்கிறீர்கள்.

ஒரு காலத்தில் கட்டாக்காலி நாய்களை நகரசபை வண்டிகள் வந்து பிடித்துக் கொண்டுபோய்க் கொன்றன. 2006இல் அரசாங்கம் அதை நிறுத்தியது. கொல்வதால் விசர் குறைந்ததும் இல்லை. ஒரு ஒழுங்கையில் நாலைக் கொன்றால், குப்பை அப்படியே இருக்கிறபடியால் அடுத்த தெருவிலிருந்து ஐந்து வரும், ஊசி போடாத ஐந்து. நூற்றுக்கு எழுபது நாய்க்குத் தடுப்பூசி போட்டால் விசர் பரவுவது நின்றுவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆகவே ஊசி போட்டு, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதுதான் இப்போதைய வழி. அப்படிச் செய்த நாய்களை அடையாளம் தெரிவதற்குக் காது நுனியில் சிறிதாக வெட்டி விடுவார்கள். வெட்டிய காதோடு ஒரு நாயைக் கண்டால் யாரோ அடித்துவிட்டார்கள் என்று பதறாதீர்கள், அது படித்துப் பட்டம் வாங்கிய நாய்.

ஆனால் கொல்வதை நிறுத்தியதும் சனம் என்ன செய்தது? பெட்டியில் போட்டுக் காப்பகக் கேற்றடியில் வைத்துவிட்டுப் போகப் பழகிவிட்டது. அதுவும் பெட்டைக் குட்டிகள்தான். கடுவன் குட்டிக்கு எப்படியும் ஆள் வரும். 2022இல், பெற்றோல் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் இருந்த காலத்தில், வெளிநாடு போன குடும்பங்கள் விட்டுவிட்டுப் போன பொமரேனியன்களைக் கூட நான் இந்தக் கேற்றடிகளில் கண்டிருக்கிறேன். அறுபது நாய்க்கு இடமுள்ள வளவில் நூற்றிருபது நின்றால் சண்டை, சொறி, உண்ணிக் காய்ச்சல். உங்கள் ஆறும் போய்ச் சேர்ந்திருந்தால், ஊசி போடாத வயிறுகள், பார்வோ ஊறிய மண். ஒரு மாதத்தில் எத்தனை மிஞ்சும்? அந்த அக்கா மாட்டேன் என்று சொன்னது அந்தக் குட்டிகளுக்குச் செய்த நன்மை.

அவற்றை எட்டுக் கிழமை வரை தாயோடு விடுங்கள். உங்கள் மாடி வீட்டுக் கட்டிடத்தில் எத்தனை குடும்பம் இருக்கிறது? தாயின் கருத்தடைச் செலவைப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நேரக் கொத்துரொட்டிக் காசுதான் வரும். நாய்க்கு கர்ப்பம் 63 நாள், வருடத்துக்கு இரண்டு தடவை. இந்த ஆறில் பெட்டைகள் ஒரு வயதாவதற்குள் தாங்களும் சூட்டுக்கு வரும். இப்போது விட்டால் அடுத்த வருடம் இதே கேள்வியை ஒரு பூச்சியம் கூட்டி எழுதுவீர்கள். விசர்த் தடுப்பூசியை அரசாங்கம் நாய்களுக்கு இலவசமாகப் போடுகிறது. மாநகர சபை மிருக வைத்தியப் பிரிவிலோ உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ விசாரியுங்கள். குட்டிக்கு ஆள் தேடும்போது, ஆறு மாதத்தில் கருத்தடை செய்வேன் என்று சொல்கிறவருக்கே கொடுங்கள். சொல்லிவிட்டுச் செய்யாமல் விடுவார்கள், கோல் எடுத்துக் கரைச்சல் கொடுங்கள்.

சாப்பாடு வைப்பதென்றால் ஒரே நேரம், ஒரே இடம், சட்டியில். வீட்டு வாசலில் பாணைப் பிய்த்து எறிந்தால் பக்கத்து வீட்டு ஐயா ஒருநாள் கொதிதண்ணீரோடு வருவார். அப்படி ஊற்றப்பட்ட நாய்களை நான் தைத்திருக்கிறேன். மிருகங்களைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிரான எங்கள் சட்டம் 1907இல் எழுதப்பட்டது. அது விதித்த உச்ச அபராதம் நூறு ரூபாய். அன்றைக்கு அது பெரிய காசாக இருந்திருக்கும்.

அம்மாவின் பயத்தில் பாதி சரி. அவவோடு சண்டை பிடிக்காமல் அந்தப் பாதியை ஒத்துக்கொள்ளுங்கள், மற்றப் பாதி தானாக இளகும். அக்காவுக்கு நாயால் வரும் ஆபத்தைவிடப் பூனை மலத்தில் வரும் டொக்சோபிளாஸ்மா என்ற கிருமிதான் கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது. அதுவும் மலம் வெளியே வந்து ஒரு நாளாவது கிடந்த பிறகே தொற்றும். காப்பகத்தில் பூனைக் கூடு இருந்தால் குழந்தை பிறக்கும்வரை அந்தப் பக்கம் வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் சரியாக வேகாத இறைச்சியும் அதே நோயைத் தரும் என்பதை அக்காவுக்கு ஞாபகப்படுத்துங்கள். மிச்சத்தை அவவின் வைத்தியரிடம் கேட்பதுதான் முறை, நான் நாலு காலுக்கு வைத்தியன். உங்களுக்குத்தான் எலிக்காய்ச்சல் பயம் இருக்கிறது. தீன் மூட்டை உள்ள இடத்தில் எலி இருக்கும், எலி மூத்திரம் கான் தண்ணீரில் இருக்கும். காலில் வெடிப்பு, புண் இருந்தால் மூடிய பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். போய்வந்து இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், “நாய்க் காப்பகத்தில் தண்ணீருக்குள் நின்றேன்” என்று வைத்தியரிடம் முதல் வாயிலேயே சொல்லுங்கள். கதவடியில் சொல்லாதீர்கள்.

அசுத்தம், தீட்டு என்று அம்மா சொன்னால், நான் அதற்கு மருந்து வைத்திருக்கவில்லை. என் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு, வீட்டுக்கு வந்து வைரவரின் வாகனத்துக்குக் கல்லெறிகிற ஆள்தான். ஒருநாள் நான் கேட்டேன். “கோயில் நாய் வேற, இது வேற” என்றா. அதோடு விட்டுவிட்டேன்.

அழுகை பற்றி இரண்டு வரி. மூன்று முறை போய் மூன்று முறையும் அழுதீர்கள் என்றால் நீங்கள் இதற்குச் சரிவராத ஆள் என்று நான் நினைக்கவில்லை. பார்த்துவிட்டு வந்தவருக்கு அழுகை வரும். பார்க்க மட்டும் போனால் இன்னும் கூட வரும். கைக்கு வேலை இருக்கிற நாளில் குறையும். முற்றாக நிற்காது, எனக்கும் நிற்கவில்லை. ஆனால் மாதக்கணக்கில் நித்திரை கெட்டு, அலுவலக வேலையும் பிழைக்கத் தொடங்கினால் இரண்டு மாதம் விலகி நில்லுங்கள். சொல்லிவிட்டு விலகுங்கள், சும்மா மறைந்துபோக வேண்டாம். உங்கள் சனிக்கிழமைக்கு அவ வேறொரு ஆளைத் தேட வேண்டும்.

வருகிற சனிக்கு: விரல் காயம் முழுதாக ஆறியிருந்தால் மட்டும் போங்கள். முதல் நாளே கோல் எடுத்து, வருகிறேன் என்று சொல்லுங்கள். பாமன்கடையில் 120இல் ஏறும்போது சாதாரணச் செருப்போடு போய், பூட்ஸை அங்கேயே ஒரு பையில் விட்டுவையுங்கள். அது ஒருநாளும் உங்கள் வீட்டுக்கு வரக் கூடாது. மாற்றுச் சட்டை ஒன்று. கழற்றியதைத் தனிப் பையில் போட்டு வந்து, வீட்டில் தனியாகச் சுடுதண்ணீரில் ஊறப்போடுங்கள். குட்டிகள் சாப்பிடும்போது சட்டிக்குள் கை நீட்டாதீர்கள், உங்களைக் கடித்த நேரம் அப்படித்தான் ஏதோ நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். நாய்கள் சண்டை பிடித்தால் நடுவில் கை வைக்காமல், பக்கத்தில் கிடக்கிற வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். வந்ததும் காது மடல், கழுத்து மயிரடியில் உண்ணி இருக்கிறதா என்று அக்காவை அல்ல, அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏசி ஏசிப் பார்ப்பா.

பால் வேண்டாம். வீட்டில் பழைய துவாய், பெட்சீற் இருந்தால் எடுத்துப் போங்கள். மாரி தொடங்கினால் அங்கே காய்ந்த துணி ஒன்றுகூட மிஞ்சாது.